கடைசிக் கேள்விக்கு வராத நேரம்: சி.ஏ. ஃபைனல் தணிக்கைத் தாள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.-வின் கடைசிக் கட்டம் ஃபைனல்; அதன் முதல் குரூப்பில் மூன்று தாள்கள் உள்ளன. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண் வேண்டும்; மூன்றும் சேர்ந்து 300-க்கு 150 வர வேண்டும். இந்த ஆய்வுக்கு உரிய மாணவி ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் தாளில் 54, அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் தாளில் 63, தணிக்கைத் தாளில் 36 எடுத்திருந்தார். கூட்டினால் 153. மொத்தத்தில் தேறிவிட்டார்; தணிக்கையில் 4 மதிப்பெண் குறைந்ததால் குரூப் போய்விட்டது. கணக்கும் நிதியும் கைவந்த ஒருவர், நாள்தோறும் வேலையாகச் செய்துவந்த தணிக்கையிலேயே ஏன் தவறினார் என்ற கேள்விக்கு அவருடைய விடைத்தாளிலேயே பதில் இருந்தது. அவருடைய ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி, அதை இங்கே எழுதுகிறேன்.

அவர் கோபிசெட்டிபாளையம் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர், கோவையில் பி.காம். முடித்து, திருப்பூரில் ஆடிட்டர் அலுவலகப் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப் செய்தவர். பனியன் கம்பெனிகளின் ஸ்டாக் எடுப்புக்கு மார்ச் மாதக் கடைசியில் குடோன் குடோனாகப் போய் வந்த அனுபவம் அவருக்கு உண்டு. நூல் எங்கே கிடக்கும், சாயம் ஏற்றாத கிரே துணி எந்தச் சாயப்பட்டறையில் நிற்கும், சரக்கோடு போகும் சலான் சீட்டில் ஒரு எடையும் தராசில் வேறு எடையும் ஏன் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமல்ல, கண்ணால் கண்டவை. ஈரோட்டில் தொழில் செய்துகொண்டு மாணவர்களின் எழுத்துப் பயிற்சி விடைகளைத் திருத்திக் கொடுத்துவரும் என்னிடம் அவர் வந்தபோது சொன்னது இதுதான்: “எல்லாம் தெரிஞ்ச கேள்விதானுங்க சார். எழுதி முடிக்கறதுக்குள்ள நேரம் போயிருச்சுங்க. என்ற கைதான் மெதுவுன்னு நெனைக்கறேன்.”

கை மெதுவா என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது, சி.ஏ. தேர்வை நடத்தும் நிறுவனத்திடமும் முடிவு வந்தபின் உரிய காலத்துக்குள் விண்ணப்பித்துச் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெறலாம். தோற்ற மாணவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. தம் எழுத்தை மறுபடி பார்க்கும் வேதனை ஒரு காரணம். மறுகூட்டலில் மார்க் ஏறாவிட்டால் நகலால் என்ன பயன் என்ற எண்ணம் இன்னொன்று. என் கருத்தில், அடுத்த முறைக்கு வாங்கும் எந்தப் புத்தகத்தையும்விட அந்த நகலே மேலான பாடநூல். அவரை முதலில் அதற்குத்தான் விண்ணப்பிக்கச் சொன்னேன்.

தாளின் அமைப்பைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 2024 மே மாதத் தேர்விலிருந்து நடப்பில் உள்ள புதிய திட்டத்தில், தணிக்கைத் தாளின் 100 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் எம்.சி.க்யூ. என்னும் கொள்குறி வினாக்களுக்கு, 70 மதிப்பெண் விரித்தெழுதும் விடைகளுக்கு. விரித்தெழுதும் பகுதியில் முதல் கேள்வி கட்டாயம். மீதி ஐந்தில் நான்கை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 14 மதிப்பெண்; அது 5, 4 மதிப்பெண் பிரிவுகளாகப் பிரிந்து வரும். கொள்குறி வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நேரம் மூன்று மணி. அதற்கு முன்னால் 1.45 முதல் 2 மணி வரை வினாத்தாளைப் படிக்க மட்டும் 15 நிமிடம். ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது.

நகல் வந்தது. விரித்தெழுதும் பகுதியில் 70-க்கு 20. கொள்குறியில் 30-க்கு 16. எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்பதைப் பக்கங்களின் எண்ணிக்கையையும் அவருடைய நினைவையும் வைத்து இருவருமாக உட்கார்ந்து மீட்டெடுத்தோம். கொள்குறி வினாக்களுக்கு ஒரு மணி நேரம். முதல் கேள்விக்கு 45 நிமிடம், ஏழு பக்கம், 7 மதிப்பெண். இரண்டாம் கேள்விக்கு 38 நிமிடம், ஆறு பக்கம், 6 மதிப்பெண். நான்காம் கேள்விக்கு 22 நிமிடம், மூன்றரைப் பக்கம், 4 மதிப்பெண். ஐந்தாம் கேள்விக்கு 15 நிமிடம், இரண்டு பக்கம், 3 மதிப்பெண். ஆறாம் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. நிமிடக் கணக்கு தோராயமானது. பக்கமும் மதிப்பெண்ணும் தாளில் உள்ளபடி.

கை மெதுவு என்ற விளக்கம் இங்கேயே விழுந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் பதினெட்டரைப் பக்கம் எழுதியவரின் கை மெதுவான கை அல்ல. அந்த எண்களை இன்னொரு தரம் பார்த்தால் உண்மையான நோய் தெரியும். 45 நிமிடம் 7 மதிப்பெண் தந்தது. அவசரத்தில் எழுதிய 15 நிமிடம் 3 மதிப்பெண் தந்தது. அதாவது மூன்று மடங்கு நேரம் இரண்டே கால் மடங்குக்குச் சற்றே கூடுதலான மதிப்பெண்ணைத்தான் கொண்டுவந்திருக்கிறது. எந்தக் கேள்வியிலும் முதலில் வரும் மதிப்பெண்கள் சுலபமானவை. கடைசி இரண்டு மதிப்பெண்ணுக்காகப் போராடும் நேரத்தில் வேறொரு கேள்வியின் முதல் ஐந்து மதிப்பெண் கைவிட்டுப் போகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தலைமடைக்காரர் தேவைக்கு மேல் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை காய்வதுபோலத்தான், ஆறாம் கேள்வி காய்ந்து கிடந்தது. 14 மதிப்பெண் கேள்வி ஒன்றில் வெறும் 4 எடுத்திருந்தாலும் அவர் தேறியிருப்பார்.

நேரம் எங்கே பாய்ந்தது என்பதற்கு ஒரு விடையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வினாத்தாளின் வாக்கியங்களை அப்படியே தராமல், அதே தன்மையுள்ள கேள்வியாக மாற்றித் தருகிறேன். திருப்பூர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மார்ச் 31 கையிருப்பு 9 கோடி ரூபாய். அதில் 3.2 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரே துணி பெருந்துறையில், கூலிக்குச் சாயம் ஏற்றித் தரும் ஜாப் ஒர்க் சாயப்பட்டறையில் கிடக்கிறது. அனுப்பிய சலான்கள் இருப்பதால் வேறு சரிபார்ப்பு தேவையில்லை என்கிறது நிர்வாகம். தணிக்கையாளராக நீங்கள் என்ன செய்வீர்கள்? 5 மதிப்பெண்.

இதற்கு அவர் எழுதியது ஏறக்குறைய இரண்டரைப் பக்கம். முதல் பத்தி, எஸ்.ஏ. 501 என்ற தணிக்கைத் தரம் எதைப் பற்றியது என்ற முன்னுரை. இரண்டாம் பத்தி, கையிருப்பு ஏன் முக்கியம் என்பது. அடுத்த ஒன்றேகால் பக்கம், நிறுவனத்தின் சொந்தக் குடோனில் ஸ்டாக் எடுக்கும்போது தணிக்கையாளர் உடனிருந்து நிர்வாகத்தின் அறிவுறுத்தல்களை மதிப்பிடுவது, எண்ணுவதைக் கவனிப்பது, தாமே சிலவற்றை எண்ணிப் பார்ப்பது ஆகியவை. அத்தனையும் சரி, எதுவும் கேட்கப்படவில்லை. அதன்பின் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டிய விதி, அப்படி அனுப்பிய சரக்குக்குக் கணக்குக் காட்டும் ஐ.டி.சி. 04 படிவம் என்று ஒரு பத்தி. இது ஆர்டிகிள்ஷிப்பில் கிடைத்த உண்மையான அறிவு, ஆனால் இந்தக் கேள்விக்கு அதிகம்போனால் ஒரு வரி. கேட்ட விஷயம், அதாவது மூன்றாம் நபரிடம் உள்ள கையிருப்புக்கு என்ன சான்று பெறுவது என்பது, கடைசி இரண்டு வரிகளில் வந்தது. கிடைத்தது ஒன்றரை மதிப்பெண்.

ஏன் இப்படி நேர்கிறது? படிக்காததால் அல்ல. கேள்வியைப் பார்த்து எஸ்.ஏ. 501 என்று நினைவு வந்ததும், மனப்பாடமாக இருந்த அத்தனையும் வரிசையாக வெளியே வந்துவிட்டது. இதில் மொழிக்கும் பங்கு உண்டு. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு, சொந்தமாக ஓர் ஆங்கில வாக்கியம் அமைப்பது அச்சம் தரும் வேலை. புத்தகத்து வாக்கியமோ இலக்கணப் பிழை இல்லாதது, பாதுகாப்பானது. எனவே கேள்வியின் சம்பவத்தைத் தொடாமல் புத்தகத்து வாக்கியங்களுக்குள்ளேயே நின்றுகொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. இந்தப் பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளின் தாள்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இது அறிவுக் குறைவு அல்ல என்பதை அவர்களிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்குத் தாளில் இவர்கள் நிமிர்ந்து நிற்பதற்கும் சட்டம், தணிக்கைத் தாள்களில் தளர்வதற்கும் வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

அதே தாளில் இன்னொரு விடையும் இதே கதை. ஆண்டு முடிந்தபின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டால், தொழில் தொடரும் என்ற அடிப்படையில் தயாரித்த கணக்குகளைத் தணிக்கையாளர் எப்படி அணுக வேண்டும் என்ற வகையைச் சேர்ந்த கேள்வி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட ஊரிலிருந்து வருபவருக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. ஆயினும் அவர் எழுதியது, தொழில் தொடருமா என்பதைப் பற்றிய தணிக்கைத் தரமான எஸ்.ஏ. 570 சொல்லும் அறிகுறிகளின் முழுப் பட்டியல்: கடன் நிலுவை, தொடர் நட்டம், முக்கிய அலுவலர் விலகல் என்று பதினைந்துக்கு மேல். கேள்வியில் அறிகுறி ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது. அது வாரியத்தின் உத்தரவு. எழுத வேண்டியது, நிர்வாகத்தின் மாற்றுத் திட்டத்தை மதிப்பிடுவதும் அறிக்கையில் வரும் விளைவும். போதிய வெளிப்படுத்தல் இருந்தால் கருத்து மாறாது, தொழில் தொடர்வது குறித்த முக்கியமான நிச்சயமின்மை என்ற தனிப்பகுதி வரும். வெளிப்படுத்தல் போதாவிட்டால், குறிப்பிட்ட விஷயம் தவிர மற்றவை சரி என்னும் வரையறுக்கப்பட்ட கருத்தோ, கணக்குகளே சரியல்ல என்னும் எதிர்மறைக் கருத்தோ. அந்த அடிப்படையே பொருந்தாவிட்டால் எதிர்மறைக் கருத்து. இந்த மூன்று கிளைகளும் அவருக்குத் தெரியும். கேட்டவுடன் வாயால் சொன்னார். தாளில் இல்லை.

அடுத்த தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. ஃபைனல் 2025 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால், முன்போல ஆறு மாதம் கிடைப்பதில்லை. 60-க்கு மேல் எடுத்த அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் தாளை மறுபடி எழுத வேண்டாம் என்ற விலக்கு இருந்தது பெரிய ஆறுதல். பாடத்தை முதலிலிருந்து திருப்பிப் படிக்க அவர் துடித்தார். அதைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

முதலில் கணக்கு. 180 நிமிடத்தில் கொள்குறிக்கு 50 நிமிடம் என்று வரம்பு கட்டினால் 130 நிமிடம் மிஞ்சும். ஐந்து கேள்விக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 26 நிமிடம். 5 மதிப்பெண் பிரிவுக்கு 9 நிமிடம், 4 மதிப்பெண் பிரிவுக்கு 7 நிமிடத்துக்குச் சற்றே மேல். கொள்குறி வினாக்களை முதலில் எழுதுவதா கடைசியிலா என்று மாணவர்களிடையே ஓயாத வாதம் நடக்கிறது. எதை முதலில் எழுதினாலும் வரம்பு மீறக்கூடாது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். மதிப்பெண் குறைப்பு இல்லாத இடத்தில், புரியாத ஒரு வினாவுக்கு நான்கு நிமிடம் செலவிடுவது வீண். ஒன்றைக் குறித்துவிட்டுப் போக வேண்டும்.

பிறகு பயிற்சி. ஒரு கேள்வியை எடுத்தவுடன், பேனாவைத் தொடாமல், அதைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. “ஏனம்மணி, கம்பெனி முதலாளி உன்னைக் கேக்கறாரு, சலான் இருக்குதே போதாதான்னு. என்ன சொல்லுவே?” என்று கேட்டேன். “சலான் நீங்க அனுப்புனதுக்குத்தானுங்க சாட்சி, மார்ச் 31 அன்னைக்கு அங்க துணி இருக்குதுன்னு அது சொல்லாதுங்களே” என்றார் உடனே. விடையின் நடுநரம்பே அதுதான். இரண்டரைப் பக்கத்தில் எங்கும் வராத வாக்கியம் அது. அதையே சிறிய ஆங்கில வாக்கியமாக எழுதச் சொன்னேன். எழுவாயும் பயனிலையும் சரியாக இருந்தால் போதும், நடை அழகு வேண்டாம்.

சில வாரங்களில் அதே கேள்விக்கு அவர் ஒன்பது நிமிடத்தில் எழுதிய விடை, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது. “மொத்தக் கையிருப்பில் ஏறத்தாழ 36 சதவீதம் மூன்றாம் நபரிடம் உள்ளது, எனவே இது முக்கியமான தொகை. எஸ்.ஏ. 501-இன்படி, துணியின் அளவு, நிலை இரண்டையும் குறித்துச் சாயப்பட்டறையிடமிருந்து தணிக்கையாளர் உறுதிக்கடிதம் பெற வேண்டும், அல்லது நேரில் பார்வையிடுவது போன்ற பொருத்தமான பிற நடைமுறைகளைச் செய்ய வேண்டும், அல்லது இரண்டையும் செய்ய வேண்டும். பட்டறையின் ஸ்டாக் எடுப்பில் தாமோ வேறொரு தணிக்கையாளரோ கலந்துகொள்வது அத்தகைய நடைமுறை. சலான் நிறுவனமே தயாரித்த ஆவணம், அனுப்பியதைக் காட்டுமே தவிர ஆண்டிறுதியில் சரக்கு இருப்பதையோ கெடாமல் இருப்பதையோ காட்டாது, எஸ்.ஏ. 500-இன்படி வெளியிலிருந்து பெறும் சான்று பொதுவாகக் கூடுதல் நம்பகமானது. நிர்வாகத்தின் வாதம் ஏற்கத்தக்கதல்ல. போதிய சான்று கிடைக்காவிட்டால் எஸ்.ஏ. 705-இன்படி அறிக்கையில் கருத்தை மாற்ற நேரிடும்.” முக்கால் பக்கம். என் கணிப்பில் 5-க்கு 4 தாராளமாக வரும் விடை.

இதில் முன்னுரை இல்லை என்பதையும், முதல் வாக்கியமே கேள்வியின் எண்ணைத் தொடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 3.2 கோடியை 9 கோடியோடு ஒப்பிடுவது பத்து வினாடி வேலை. ஆனால் சம்பவத்தைப் படித்திருக்கிறார் என்று திருத்துபவருக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. சட்டப் பிரிவின் எண்ணோ தணிக்கைத் தரத்தின் எண்ணோ நினைவுக்கு வராவிட்டால் அதைத் தேடி நிற்கக்கூடாது என்றும் வைத்துக்கொண்டோம். தவறான எண்ணைவிட எண்ணில்லாத சரியான விதி மேல்.

26-ஆவது நிமிடத்தில் பேனாவை எடுத்துவிடுவதுதான் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. பாதியில் விட்டால் மனம் அங்கேயே நிற்கிறது என்றார். பாதியில் விட்ட பிரிவின் கீழே அரைப் பக்கம் இடம் விட்டு நகர்வது, கடைசியில் நேரம் இருந்தால் திரும்புவது என்று பழகியபின் அந்தப் பதற்றம் தணிந்தது. ஒவ்வொரு கேள்வியையும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்ற தேர்வு விதி இதற்கு உதவியாகவே இருக்கிறது. இந்தப் பயிற்சியைத் தனித்தனிக் கேள்வியாகச் செய்தால் பயனில்லை. சி.ஏ. நிறுவனம் வெளியிடும் மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து, பிற்பகல் 2 மணிக்கே உட்கார்ந்து, மூன்று மணி நேரமும் எழுத வேண்டும். மதிய உணவுக்குப் பின் வரும் அயர்வும் தேர்வின் ஒரு பகுதிதான்.

அந்த 15 நிமிட வாசிப்பு நேரத்தை முதல் முறை அவர் கொள்குறி வினாக்களுக்கான நீண்ட சம்பவங்களைப் படிப்பதிலேயே செலவழித்திருந்தார். விரித்தெழுதும் பகுதியில் ஆறாம் கேள்வியை அவர் ஒழுங்காகப் படித்ததே கடைசிப் பத்து நிமிடத்தில்தான். அது ஐந்தாவதைவிட அவருக்குச் சுலபமான கேள்வி. இரண்டாம் முறை, அந்தப் 15 நிமிடமும் விரித்தெழுதும் பகுதிக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். அதில் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: விட்டுவிடப்போகும் ஒரு கேள்வி எது, மற்றவற்றை எந்த வரிசையில் எழுதுவது. கூடுதலாக ஒரு கேள்வி எழுதிவைத்தால் நல்லதை எடுத்துக்கொள்வார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு, முதலில் எழுதப்பட்ட, தேவையான எண்ணிக்கை விடைகளே திருத்தப்படும், மிகுதி விடப்படும்.

இரண்டாம் தேர்வில் ஐந்து கேள்விகளும் எழுதப்பட்டன. தொழில் ஒழுக்கம் பற்றிய பிரிவு ஒன்றில், முந்தைய தணிக்கையாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்காமல் பொறுப்பேற்பது சி.ஏ. சட்டத்தின் முதல் அட்டவணையில் எந்த உட்பிரிவில் வருகிறது என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை; இடம் விட்டு, விதியையும் முடிவையும் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறார். கடைசி நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தபோது எட்டாம் உட்பிரிவு என்று நினைவு வந்து எழுதியிருக்கிறார். மொத்தம் பதினாறு பக்கத்துக்கு மேல் போகவில்லை என்கிறார். தணிக்கையில் 57, ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கில் 52, விலக்குத் தாளின் 63-ஐயும் சேர்த்து 172. குரூப் கிடைத்தது.

இந்த ஏற்றம் முழுவதையும் முறைமாற்றத்துக்கே எழுதிவைப்பது நியாயமாகாது. நான்கு மாதம் கூடுதலாகப் படித்திருக்கிறார்; மூன்று தாளுக்குப் பதில் இரண்டு தாளை மட்டும் தயாரித்திருக்கிறார்; வினாத்தாளும் வேறு. இரண்டாம் முறை விடைத்தாள் நகலை அவர் வாங்காததால், கொள்குறியில் எவ்வளவு, எழுத்தில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கில் இரண்டு மதிப்பெண் குறைந்திருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தணிக்கைக்குக் கொடுத்த மாலைப்பொழுதுகளின் விலை அதுவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: முதல் தாளில் வெற்றாக இருந்த 14 மதிப்பெண் இடம் இரண்டாம் தாளில் வெற்றாக இல்லை, அதுவும் குறைந்த பக்கங்களில்.

அவர் இப்போது இரண்டாம் குரூப்புக்குப் படிக்கிறார். அதில் ஆறாம் தாளான இன்டகிரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ் நான்கு மணி நேரத் தேர்வு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அங்கே நேரம் முன்னுரையில் போகாது. பக்கம் புரட்டுவதில் போகும். பல பாடங்களின் சிக்கல்கள் ஒரே சம்பவத்துக்குள் வரும் தாளில், எதைத் தேடுவது, எதைத் தேடாமலே எழுதுவது என்பதற்கு 9 நிமிடக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்கான கால ஒதுக்கீட்டை, முந்தைய தேர்வுகளின் தாள்களை முழு நேரம் எழுதிப் பார்த்து, இப்போது வகுத்துக்கொண்டிருக்கிறோம்.